டோலக்கின் பின்னால் நடந்த கணினி: கொருக்குப்பேட்டை மாடி அறையில் ஒரு ராப் பதிவு

வடசென்னையில் எந்த இசை நிறுவனத்தையும் சாராமல் தாங்களே எழுதித் தாங்களே பாடும் ராப் பாடகர்கள் சிலரின் பாடல்களை ஒரே தொகுப்பாகப் பதிவு செய்யும் வேலையைக் கொருக்குப்பேட்டையில் ஒரு மொட்டைமாடி அறையில் செய்து முடித்தோம். பழைய கட்டில், டயர் இல்லாத சைக்கிள், விசேஷத்துக்கு மட்டும் கீழே இறங்கும் அண்டா ஆகியவை அடைந்து கிடந்த சாமான் அறை அது. "இதெல்லாம் எங்க வெப்பீங்க, அத மொதல்ல சொல்லுங்க" என்று நண்பரின் அம்மா கேட்ட கேள்விக்குப் பொருத்தமான பதில் கிடைத்த பிறகே வேலை தொடங்கியது. மணிக்கணக்கில் வாடகை வாங்கும் ஸ்டுடியோவில் பாடுகிறவரின் ஒரு கண் கடிகாரத்தின் மேலேயே இருக்கும். வரி நன்றாக வரும்வரை உட்கார்ந்து பேசுவதற்கு நமக்கென்று ஓர் இடம் தேவைப்பட்டது. குறைந்த செலவில் பதிவறை அமைக்கும் முறையைத் தேவையான அளவுக்கு மட்டும் இங்கே சொல்லிவிட்டு, எங்களுக்கு மெய்யான தலைவலியாக இருந்த டோலக் விவகாரத்தை விரிவாக எழுதுகிறேன்.

டோலக் எதற்கு என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520 என்ற முகவரியில் நடந்த விருந்தே ஹிப்ஹாப்பின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. அங்கே இசை ஓட்டிய கூல் ஹெர்க் ஜமைக்காவில் பிறந்தவர். ஒரே பாட்டின் இரண்டு இசைத்தட்டுகளை மாற்றி மாற்றி ஓட்டி, தாளம் மட்டும் ஒலிக்கும் பகுதியை நீட்டிக்கொண்டே போகும் முறை அவருடையது. கைக்கு எட்டிய பொருளை வைத்துச் செய்த வேலைதான் அது. நம் பேட்டைகளில் கைக்கு எட்டுவது டோலக், சட்டி, கட்ட மோளம், சவுண்ட் சர்வீஸ்காரரின் பெட்டிகள். 2006 இல் மலேசியாவின் யோகி பியும் நட்சத்ராவும் வெளியிட்ட தமிழ் ராப்பைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அடுத்த தலைமுறைதான் எங்கள் பாடகர்கள். 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவின் முதல் நிகழ்ச்சியில் கானாவும் ராப்பும் ராக்கும் ஒரே மேடையில் ஒலித்த பிறகு, கானாவும் ராப்பும் சேருமா என்று இவர்களிடம் யாரும் கேட்பதில்லை. மேடையில் சேர்வது ஒன்று, பதிவில் ஒட்டாமல் பிரிந்து நிற்பதைச் சேர்ப்பது வேறொன்று. இரண்டாவது எவ்வளவு கடினம் என்பது வேலையில் இறங்கினால்தான் தெரியும்.

அறை பத்தடி நீளம், எட்டடி அகலம், ஒன்பதடி உயரம். வெளிச்சத்தம் உள்ளே வருவதும் உள்ளே பாடும் குரல் சுவரில் பட்டுத் திரும்புவதும் இரு வேறு சிக்கல்கள். ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு உதவாது. வெளிச்சத்தத்துக்குக் கதவின் அடி இடுக்கே பெரிய வாசல் என்பதால், அங்கே ரப்பர் பட்டை ஒட்டி, ஜன்னலுக்கு உட்பக்கமாகக் கனமான பிளைவுட் பலகையை இறுக்கினோம். தண்ணீர் லாரியின் ஹார்னும் தெருப் பேச்சும் பெருமளவு அடங்கின. சரக்கு ரயில் போகும்போது தரை வழியாக வரும் அதிர்வை எதுவும் அடக்கவில்லை; அந்த நேரத்தில் டீ குடிப்பதே உரிய தீர்வு.

திரும்பும் ஒலிக்கு முட்டை அட்டையைச் சுவர் முழுக்க ஒட்டும் வழக்கம் இன்னும் போகவில்லை. எடையே இல்லாத அந்தக் காகிதக்கூழ் மிக உயர்ந்த அலைவெண்களைச் சற்றுச் சிதறடிக்கும். அதற்கு மேல் பயன் இல்லை, தீப்பிடித்தால் நொடியில் பரவும். நாங்கள் இரண்டு அங்குலத் தடிமனும் கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியும் கொண்ட ராக்வூல் என்ற பாறை இழைப் பலகைகளை மரச் சட்டத்தில் அடைத்து, காடாத் துணி போர்த்தி, சுவரிலிருந்து நான்கு அங்குலம் தள்ளித் தொங்கவிட்டோம். இடைவெளி விட்டதற்குக் கணக்கு உண்டு. நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் போகிறது. ஓர் அலையின் கால் பங்கு நீளமாவது சுவருக்கும் பலகையின் முகப்புக்கும் இடையே இருந்தால்தான் அந்த அலை நன்றாக உறிஞ்சப்படும். இரண்டு அங்குலப் பலகையைச் சுவரோடு ஒட்டினால் 1,700 ஹெர்ட்ஸ் அளவிலிருந்தே அந்தக் கணக்கு பொருந்தும். இடைவெளியோடு ஆறு அங்குலமானால் 600 ஹெர்ட்ஸுக்கும் கீழே இறங்குகிறது. காசு செலவில்லாத அந்த நான்கு அங்குலக் காற்றுக்கே பலன் அதிகம். ராக்வூலைக் கையாளும்போது கையுறையும் முகக்கவசமும் கட்டாயம் வேண்டும். அதன் இழை தோலில் ஏறினால் இரவெல்லாம் அரிக்கும்.

பலகைகள் தொங்கிய பிறகும், அறையின் நடுவில் நின்று பாடியபோது குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் உப்பியது. பத்தடி நீளத்துக்கு 57 ஹெர்ட்ஸும் அதன் இரட்டிப்பான 114 ஹெர்ட்ஸும், எட்டடி அகலத்துக்கு 71.5 ஹெர்ட்ஸும் அதன் இரட்டிப்பான 143 ஹெர்ட்ஸும் சுவர்களுக்கிடையே நின்று அதிரும் அலைகள். இரட்டிப்பான அந்த இரண்டும் ஆணின் பேச்சுக்குரல் அடிநாதம் இருக்கும் இடத்திலேயே விழுகின்றன. அவை உச்சம் பெறும் புள்ளிகளில் ஒன்று அறையின் நடு மையம். ஆகவே மைக்கை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் நடுவிலிருந்து ஒதுக்கி, மூலைக்கும் மையத்துக்கும் இடையில் ஓரிடத்தில் நிறுத்தி, பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் தடிமனான பலகையை வைத்தோம். அலைவெண்களைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரைத் தொடாமலே உப்பல் பாதியாகக் குறைந்தது.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாக. பழைய வீடு என்பதால் சுவரில் இருந்த மூன்று முள் பாயின்ட்டில் மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இல்லை. எர்த் இல்லாத இடத்தில் லேப்டாப் சார்ஜரைச் செருகியவுடன் ஹெட்போனில் வண்டு ரீங்கரிப்பதுபோல் ஒலி வந்தது. பதிவின்போது சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியிலேயே ஓட்டினால் அது அடியோடு நின்றது. பிறகு எலக்ட்ரீஷியனை வரவழைத்து முறையாக எர்த் இழுத்தோம். பாட்டுக்காக இல்லாவிட்டாலும் அந்த வீட்டுக்கு அது தேவைப்பட்ட வேலை. எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் மின்னலையை வெட்டி வெட்டித் தருவதால் மின்விசிறி தன் காற்றுச் சத்தத்தோடு கரகரப்பையும் பதிவில் சேர்த்துவிடும். எனவே பாடும்போது அது ஓடாது. மே மாதத்தில் அந்த அறையில் தொடர்ந்து பாட யாராலும் முடியவில்லை என்பதால் வெயில் தாழ்ந்த பிறகே வேலை நடந்தது.

மைக் வாங்கும்போது நண்பர்கள் எல்லோரும் கன்டென்சர் மைக் என்றே சொன்னார்கள். 48 வோல்ட் மின்னழுத்தம் கேட்கும் அந்த மைக் நுணுக்கமானதுதான். அந்த நுணுக்கத்தால் பக்கத்து மாடியில் துணி பிழிகிற சத்தத்தையும் விடாமல் வாங்கிக்கொள்ளும். கடற்கரை ஈரக்காற்றும் அதற்கு ஆகாது. பாதி அடங்கிய அறைக்கு மேடையில் பயன்படுத்தும் சாதாரண டைனமிக் மைக்கே ஏற்றது என்பது என் முடிவு. அதை வாயிலிருந்து நான்கு விரற்கடைத் தொலைவில் வைத்தால் குரல் முன்னே வந்து, அறை பின்னே போய்விடும். தொலைவைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபல் கூடும். அறையின் எதிரொலியோ அப்படியே இருக்கும். பூவேலை வளையத்தில் நைலான் துணியை இழுத்துக் கட்டிய வடிகட்டியை முன்னால் வைத்து, மைக்கை வாய்க்கு நேராக நிறுத்தாமல் சற்றுச் சாய்த்தோம். எங்கள் பக்கத்துப் பேச்சில் ப்ப, ட்ட, க்க என்று இரட்டித்து வரும் ஒலிகள் மிகுதி. வேகமாகப் பாடும்போது 'ப்ப' ஒவ்வொன்றும் காற்றுக் குண்டாக மைக்கில் வெடிக்கும். பாடகரைத் தள்ளி நிற்கச் சொல்லி அதைச் சரிசெய்தால் அவருடைய வேகம் போய்விடும்; மைக்கைச் சாய்த்தால் காற்று பக்கவாட்டில் கடந்துவிடும், எழுத்து நிற்கும்.

இனி டோலக். பல ஆண்டுகளாகக் கானாக் கச்சேரிகளிலும் சாவு வீடுகளிலும் விடிய விடிய வாசித்துவரும் அண்ணன் ஒருவர் வரச் சம்மதித்தார். வழக்கமான முறைப்படி ஹெட்போன் மாட்டி, நிமிடத்துக்கு 92 அடி என்ற வேகத்தில் கிளிக் ஒலியைக் கொடுத்து வாசிக்கச் சொன்னோம். கிளிக்குக்கு ஏற்பத்தான் வாசித்தார். ஆனால் வாசிப்பில் உயிர் இல்லை. ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "தம்பி, நான் பாட்டுக்காரன் வாயப் பாத்துதான் அடிப்பேன். அவன் இழுத்தா நானும் இழுப்பேன். இந்த டிக் டிக் எங்க மூச்சு வாங்குது?" என்றார். அதற்கு எங்களில் யாரிடமும் பதில் இல்லை.

அந்தக் கேள்விக்குள் இரண்டு தொழில்நுட்பச் சிக்கல்கள் இருந்தன. முதலாவது வேகம். கானாவில் வேகம் நிலையாக நிற்பதில்லை. பல்லவி திரும்பும்போதெல்லாம் கொஞ்சம் ஏறும். அவரை அவர் போக்கில் விட்டபோது 92 இல் தொடங்கிய பாட்டு கடைசிப் பல்லவியில் 96 ஐத் தொட்டது. கேட்பவர் யாரும் வேகம் கூடியதாக உணரவில்லை, பாட்டு சூடாகிறது என்றே உணர்ந்தார்கள். இரண்டாவது நடை. அந்த அண்ணன் வாசித்தது ஓர் அடியை மூன்றாகப் பிரிக்கும் திஸ்ர நடை. எங்கள் பாடகரோ ஓர் அடியை நான்காகப் பிரித்துச் சொற்களை அடுக்குகிறவர். 92 வேகத்தில் ஓர் அடிக்கு 652 மில்லி நொடி. நான்காகப் பிரித்தால் 163 மில்லி நொடியில் இரண்டாவது தட்டு விழ வேண்டும். மூன்றாகப் பிரித்தால் 217 இல் விழும். 54 மில்லி நொடி வித்தியாசம் காதுக்கு நன்றாகவே கேட்கும். இவ்விரண்டுக்கும் நடுவே கணினியின் ஹை-ஹேட் என்ற சிறு தாளத்தட்டு ஒலி நான்கின் கணக்கில் ஓடிக்கொண்டிருந்தால், மூவரும் மூன்று தெருவில் நடப்பதாகவே ஒலிக்கிறது. டோலக்கின் ஒவ்வொரு தட்டையும் மென்பொருள் கொண்டு இழுத்து நான்கின் கட்டத்தில் உட்கார வைப்பதே எல்லோரும் சொல்லும் தீர்வு. அதைச் செய்து பார்த்தால் கடையில் வாங்கிய, திரும்பத் திரும்ப ஓடும் லூப்புக்கும் அந்த அண்ணனின் கைக்கும் வேறுபாடே இருக்காது. பிறகு அவரை ஏன் வரவழைக்க வேண்டும்?

எனவே வரிசையைத் தலைகீழாக மாற்றினோம். பீட், கிளிக் எதுவும் இல்லாமல் பாடகரும் டோலக் அண்ணனும் ஜமுக்காளத்தில் எதிரெதிரே உட்கார்ந்து, கைதட்டி எடுத்துக்கொண்டு, முழுப் பாட்டையும் ஒரே மூச்சில் வாசித்தார்கள். மைக்கைக் கணினியோடு இணைக்கும், இரண்டு உள்ளீடு மட்டுமே உள்ள எங்கள் ஆடியோ இன்டர்ஃபேஸில் ஒன்று டோலக்குக்கு, மற்றொன்று வழிகாட்டிக் குரலுக்கு. டோலக்குக்கான மைக்கை ஓரடி முன்னால் வைத்து வலப்புறத் தோலின் பக்கம் சற்று நகர்த்தினோம். இடப்புறத்தின் 'கும்' எங்கிருந்தாலும் வந்து சேர்ந்துவிடும், மோதிரம் மரத்தில் பட்டு வரும் 'டக்' ஒலிக்குத்தான் மைக்கின் தயவு தேவை. வழிகாட்டிக் குரலைப் பிறகு நீக்கிவிடப் போகிறோம் என்பதால் அது டோலக் மைக்கிலும் மெலிதாக ஏறியதைப் பொருட்படுத்தவில்லை. மறுபதிவில் அதே பாடகர் அதே சொற்களை அதே இடத்தில் பாடினால் அந்தக் கசிவு மறைந்துவிடும்.

அதன் பிறகு ரீப்பர் மென்பொருளில் ஒவ்வொரு தாள வட்டத்தின் முதல் அடியிலும் ஒரு வேகக் குறி வைத்து, டோலக்கை அசைக்காமல் மென்பொருளின் தாளக் கட்டங்களை அதற்கேற்ப வளைத்தோம். குறியை வட்டத்தின் தலையில் மட்டுமே வைக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்வேன். ஒவ்வோர் அடிக்கும் குறி வைத்தால் வேகம் அடிக்கு அடி குதித்து, பின்னால் சேர்க்கும் கிக் என்ற அடிமுரசு ஒலி தடுமாறுவதுபோல் ஒலிக்கும். வட்டத்துக்கு ஒன்று என்றால் வட்டத்துக்குள் அவருடைய முன்பின் சாய்வு அப்படியே நிலைக்கும். வளைந்த கட்டத்தின் மேல் கிக்கும் கைதட்டல் ஒலியும் மட்டும் வைத்தோம்: கிக் முதல் அடியில், கைதட்டல் இரண்டிலும் நான்கிலும். ஹை-ஹேட்டை முற்றிலும் எடுத்துவிட்டோம். அடிகளுக்கு இடைப்பட்ட இடம் முழுவதும் டோலக்குக்கே உரியது. இயந்திரம் தூண் நடும், தளம் போடாது. இந்த ஒரே முடிவால் நடைச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்தது. நான்கின் கணக்கில் பாடியவருக்கு எதிராக ஓடும் இயந்திரம் இல்லாததால், அவரே வேண்டிய இடத்தில் மூன்றுக்குச் சாய்ந்து வரத் தொடங்கினார். மூன்று சொல்லை ஓர் அடிக்குள் அடுக்கும் பாணி ராப்புக்குப் புதிதும் அல்ல.

இறுதிக் குரலை டோலக்கைக் கேட்டபடியே பாடினார். பாடும்போது குரல் ஹெட்போனில் தாமதமாகத் திரும்பினால் வேகப் பாட்டு குலைந்துவிடும். நொடிக்கு 48,000 மாதிரிகளாக ஒலியைப் பதியும்போது, கணினி அவற்றைச் சேர்த்துவைத்துக் கையாளும் பஃபரை 1,024 மாதிரி என வைத்தால் அதனால் மட்டுமே 21 மில்லி நொடி தாமதம். 128 என்றால் 3 மில்லி நொடிக்கும் குறைவு. பதிவின்போது 128, எல்லா ஒலிகளையும் கலந்து மிக்ஸ் செய்யும்போது 1,024 என மாற்றிக்கொண்டோம். எதுகையை நம்பி எழுதுகிறவர் என்பதால், இந்தப் பாடகரின் வரிகளில் இரண்டாம் எழுத்து ஒத்து வரும் இடமே தாளத்தின் அழுத்தமான இடத்தில் விழுகிறது. ஆங்கில ராப்பில் பழகிய காது வரியின் கடைசிச் சொல்லை உயர்த்தி மிக்ஸ் செய்யத் துடிக்கும். இங்கே வரியின் தொடக்கத்தைத்தான் தெளிவாக வைக்க வேண்டும்.

மிக்ஸில் பேஸ் என்ற தாழ்ந்த ஒலி பெரும் தொல்லை கொடுத்தது. 1980 இல் வெளிவந்த ரோலண்ட் டிஆர்-808 தாள இயந்திரத்தின் வழிவந்த நீளமான கிக் ஒலியை 55 ஹெர்ட்ஸ் சுருதியில் வைத்திருந்தோம். எங்கள் அறை தானாகவே அதிரும் 57 ஹெர்ட்ஸுக்கு அது ஒட்டியே இருப்பதால், அறையில் கேட்டால் பேஸ் பிரமாதமாகவும் வெளியே கேட்டால் காணாமலும் போனது. அந்த அறையில் பேஸை முடிவு செய்வதில்லை என்று தீர்மானித்து, அளவை ஹெட்போனில் முடிவு செய்தோம். பெரும்பாலோர் பாட்டைக் கேட்கப் போவது கைப்பேசியில். அதன் சின்ன ஸ்பீக்கருக்கு 55 ஹெர்ட்ஸ் எட்டவே எட்டாது. கிக்கில் சேச்சுரேஷன் என்ற லேசான ஒலித்திரிபைச் சேர்த்தால் 110, 165 ஹெர்ட்ஸ் போன்ற மேல்மடங்குகள் எழும்; அவற்றைக் கேட்கும் காது அடிநாதத்தையும் தானே கற்பித்துக்கொள்கிறது. டோலக்கின் இடப்புறத் தோல் கிக்கோடு முட்டாமல் இருக்க, அதன் 70 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட பகுதியை வெட்டினோம்.

பாட்டின் பொருளைப் பற்றி ஒரு வார்த்தை. வடசென்னை என்றால் கத்தியும் கஞ்சாவும் வேண்டும் என்று எதிர்பார்த்து வரி கேட்பவர்கள் வெளியே நிறைய உண்டு. எங்களிடம் வந்த நோட்டுப் புத்தகங்களில் இருந்தவை அரியர் பரீட்சை, கால்பந்து, முறைவாசல் சண்டை, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் பரவிய எண்ணெய். கடைசியாகச் சொன்னதை எழுதியவர் மீனவக் குடும்பத்துப் பிள்ளை. வலையைக் கழுவும் முறையை நான்கு வரியில் சொல்லி நிறுத்தியிருந்தார். கோபமான வரி ஒன்று சேர்க்கலாமே என்று யாரோ யோசனை சொன்னதற்கு, "அண்ணா, வல கழுவுனவங்களுக்கு அது தெரியும்" என்றார். வரி சேர்க்கப்படவில்லை.

ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு தாள் எழுதி எல்லோரும் கையெழுத்திட்டோம்: சொல் யாருடையது, மெட்டும் பீட்டும் யாருடையவை, டோலக் யார், பதிவுக்குப் பொறுப்பு யார், வரும் பணத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு. தோழர்களுக்கிடையே தாள் எதற்கு என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. காசு வராதவரை தாள் தேவைப்படாது என்பதும் உண்மைதான். 1957 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி சொல்லும் இசையும் ஒலிப்பதிவும் தனித்தனி உரிமைகள். சொல்லுக்கு எழுதியவரின் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டும், ஒலிப்பதிவுக்கு வெளியானதிலிருந்து 60 ஆண்டும் பாதுகாப்பு உண்டு. வாசித்தவருக்கு நிகழ்த்துநர் உரிமை தனியே இருக்கிறது. டோலக் வாசித்தவருக்குக் கையில் கொஞ்சம் பணமும் பிரியாணியும் கொடுத்து அனுப்பி, பெயரைக்கூடப் போடாமல் விடும் பழக்கத்துக்கு இந்தத் தாள் ஒரு தடை. ஒரு பாடகர் பழைய சினிமாப் பாட்டின் துண்டு ஒன்றை வைக்க ஆசைப்பட்டார். பாட்டின் உரிமையாளரிடமும் பதிவின் உரிமையாளரிடமும் தனித்தனியே அனுமதி வாங்க வேண்டியிருக்கும் என்று சொன்னவுடன், அதே மனநிலையில் டோலக் அண்ணனை வாசிக்கவைத்துப் புதிய துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டோம். என் காதுக்கு அது பழையதைவிடப் பொருத்தம்.

கோப்புகளை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் வைத்தோம். ஒரு தடத்துக்கு நிமிடத்துக்கு 8.6 எம்பி என்பதால், பன்னிரண்டு தடங்கள் உள்ள மூன்று நிமிடப் பாட்டுக்கு 310 எம்பி ஆகும். இரண்டு தனித்தனி ஹார்ட் டிஸ்க்கில், இரண்டு வேறு வீடுகளில் அவை இருக்கின்றன. குரல் இல்லாத பதிப்பையும் தனியே எடுத்தோம், மேடையில் பாடுவதற்காக. அதை மோனோவாகவே, அதாவது இரு பக்கமும் ஒரே ஒலியாகவே, எடுக்க வேண்டும். தெரு நிகழ்ச்சிகளில் சவுண்ட் சர்வீஸ்காரர் கைப்பேசியிலிருந்து ஒரே வயரை இழுத்து இடப்பக்கத்தை மட்டும் மிக்சரில் செருகுவது வழக்கம்; வலப்பக்கத்தில் வைத்த கைதட்டல் அங்கே கேட்கவே கேட்காது. இரு பக்கமும் சேர்த்து ஒன்றாக்கும்போது அகலப்படுத்திய ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. எனவே மிக்ஸ் முழுவதையும் மோனோவில் கேட்டுச் சரிபார்த்து, டோலக்கையும் கிக்கையும் நடுவிலேயே நிறுத்தி, இரு பக்கத்திலும் ஒரே ஒலி வரும்படி கோப்பு எடுத்துப் பாடகர்களின் கைப்பேசிகளில் ஏற்றிக் கொடுத்தோம்.